ஜன்னலைச் சாத்து, கண்ணு

அவள் எங்கள் வீட்டுக்கு வந்த சாயங்காலம் மழை தூறிக்கொண்டிருந்தது. 2018 நவம்பர். அந்த மாதத்தில் ஏற்காடு மலையில் எங்கள் ஊரான கொட்டச்சேட்டில் நாலு மணிக்கே பனி இறங்கிக் காப்பித் தோட்டத்தை மூடிவிடும். சில்வர் ஓக் மரங்களின் உச்சி மட்டும்தான் தெரியும். பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் அந்தப் பதினாறு வயதுப் பெண் நின்றுகொண்டிருந்தாள். நானும் என் மகளும் இங்கிலீஷில் என்ன பேசுவது என்று மனசுக்குள் வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தோம். என் மாமியார் மட்டும் எதைப் பற்றியும் கவலைப்படாமல் தமிழில் சொன்னார்: "ஜன்னலைச் சாத்து கண்ணு, குளிர் அடிக்குது."

அவள் திரும்பிப் போய் ஜன்னலைச் சாத்தினாள்.

நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அவளுக்கே ஆச்சரியம். ஜன்னல் கதவைத் தட்டிக் காட்டி, "ஜனெலா! ஜனெலா!" என்று குதிக்கிறாள். பிரேசில் பெண். தாய்மொழி போர்த்துகீசியம். அவர்கள் ஊரில் ஜன்னலுக்கு ஜனெலா என்றுதான் பெயராம். அவ்வளவுதான், அதுவரை வாயைத் திறக்கவே கூச்சப்பட்டுக்கொண்டிருந்த என் மகள் வீடு பூராவும் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மேசையைத் தொட்டால் "மெசா". அலமாரியைத் தொட்டால் "அர்மாரியோ". சாவியைக் காட்டினால் "ஷாவி". வெளியே வராந்தாவுக்குப் போனால் அதுவும் வராந்தாதான். கடைசியில் ஊறுகாய் ஜாடியைத் திறந்து மாங்காயைக் காட்டினோம். "மங்கா!" போர்த்துகீசியர்கள் ஜன்னலையும் சாவியையும் நமக்குக் கொடுத்துவிட்டு, மாங்காயை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அன்று ராத்திரி பத்து மணி வரை காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வார்த்தைகளை எழுதிக்கொண்டே இருந்தோம். அந்தத் தாள் இன்னும் எங்கள் பூஜை அறையில், பஞ்சாங்கத்துக்குள் மடித்து இருக்கிறது.

இதை எழுத உட்கார்ந்ததற்கு ஒரே காரணம்தான். வெளிநாட்டிலிருந்து படிக்க வரும் ஒரு பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளும் வாய்ப்பு உங்கள் வாசலுக்கு வந்தால், தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். நான் வேண்டாம் என்று சொல்ல இருந்தவள். அப்படிச் சொல்லியிருந்தால் எதை இழந்திருப்பேன் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

அவள் ரோட்டரியின் இளைஞர் பரிமாற்றத் திட்டத்தில் வந்தவள். பதினைந்திலிருந்து பத்தொன்பது வயது வரையுள்ள பிள்ளைகள் ஒரு பள்ளி ஆண்டை வேறு நாட்டில் கழிப்பார்கள். ஒரே வீட்டில் வைக்க மாட்டார்கள். இரண்டு மூன்று குடும்பங்களில் மாற்றி மாற்றித் தங்கவைப்பார்கள். விமான டிக்கெட் அந்தப் பிள்ளையின் பெற்றோர் செலவு. மாதம் ஒரு கைச்செலவுப் பணம் உள்ளூர் ரோட்டரி கொடுத்துவிடும். வைத்துக்கொள்கிற குடும்பத்துக்கு ஒரு பைசா கிடையாது. கொடுத்தால் நான் வாங்கியிருக்கவும் மாட்டேன். இந்த மாதிரித் திட்டங்களில் இன்னொன்று ஏ.எஃப்.எஸ். இரண்டு உலகப் போர்களிலும் ஆம்புலன்ஸ் ஓட்டிய அமெரிக்கத் தொண்டர்கள், இத்தனை சாவைப் பார்த்த பிறகு இனிப் பிள்ளைகளாவது ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் போய்ச் சாப்பிடட்டும் என்று நினைத்ததுபோல், 1947-ல் மாணவர் பரிமாற்றத்தை ஆரம்பித்தார்களாம். அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அடிபட்டவர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு போன கைகளுக்குத்தானே அந்த யோசனை வரும்!

அவள் முதல் நாலு மாதம் ஏற்காடு டவுனில் ஒரு வீட்டில் இருந்தாள். அடுத்த வீடு தேடியபோது எங்களிடம் கேட்டார்கள். எனக்கு உள்ளூர பயம். எங்களுடையது ஓட்டு வீடு. ஐந்து ஏக்கர் காப்பி, ஊடே மிளகு, நாலு பலா மரம். பங்களாவில் வளர்ந்த பிள்ளை இங்கே எப்படி இருக்கும்? வீட்டைப் பார்க்க வந்தவர்கள் ஹாலையோ சோபாவையோ பார்க்கவில்லை. அவளுக்கென்று ஒரு கட்டில் உண்டா, வீட்டோடு சேர்ந்து சாப்பிடுவாளா, பெரியவர்கள் யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். தனித்தனியாக உட்காரவைத்துப் பேசினார்கள், போலீஸ் விசாரணைக்கும் கையெழுத்து வாங்கினார்கள். என் வீட்டுக்காரருக்கு அதில் கொஞ்சம் வருத்தம். எனக்கு அதுதான் பிடித்தது. நாளைக்கு என் மகளை இப்படி அனுப்பினால், அங்கே யாராவது ஒருத்தர் இவ்வளவு கறாராக விசாரித்திருக்க வேண்டும் என்றுதானே நானும் எதிர்பார்ப்பேன்? வெளிநாட்டுக்காரர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அன்றைய சி படிவத்தில் தெரிவிக்க வேண்டியிருந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஆன்லைனிலேயே முடிந்துவிட்டது. பயப்பட அதில் ஒன்றுமில்லை.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நானும் மூன்று நாள் அவளை விருந்தாளியாகத்தான் வைத்திருந்தேன். அவளுக்கு மட்டும் பீங்கான் தட்டு, ஸ்பூன், காரம் இல்லாத குழம்பு, முதலில் அவளுக்குப் பரிமாறிவிட்டு நாங்கள் நின்று பார்ப்பது. பாவம், அவளுக்குச் சோறு இறங்கவே இல்லை. நாலாம் நாள் காலையில் நான் எழுந்து வந்தால், சமையலறையில் தரையில் உட்கார்ந்து என் மாமியாரோடு சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, சிரித்துக்கொண்டிருக்கிறாள். அன்று மத்தியானம் எங்களோடு அதே எவர்சில்வர் தட்டில் சாப்பிட்டாள், கழுவிக் கவிழ்த்தாள். "ஆயா" என்று என் மாமியாரைக் கூப்பிட ஆரம்பித்ததும் அன்றைக்குத்தான். எங்கள் பிள்ளைகள் பாட்டியைக் கூப்பிடுவது அப்படித்தான். போர்த்துகீசியத்திலும் அயா என்று ஒரு வார்த்தை உண்டாம், பிள்ளை வளர்ப்பவளுக்கு. எங்கள் வீட்டில் அதைவிடப் பொருத்தமான வார்த்தை வேறு என்ன இருக்க முடியும்!

இப்போது காப்பிக் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் கை துடிக்கிறது.

அவள் மினாஸ் ஜெரைஸ் மாநிலத்துப் பெண். பிரேசிலில் அதிகமாகக் காப்பி விளைவது அங்கேதான். உலகத்துக் காப்பியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிரேசிலுடையது. அவள் தாத்தாவுக்கும் தோட்டம் உண்டு. அங்கே நிழல் மரமே இல்லாமல், சுட்டெரிக்கும் வெயிலில் வரிசை வரிசையாகச் செடி நிற்குமாம். எங்கள் தோட்டத்தைப் பார்த்ததும், "இது காடு, தோட்டம் எங்கே?" என்று கேட்டாள். சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி, பலா, ஆரஞ்சு, அடியில் காப்பி என்று ஐந்தாறு அடுக்காக இருப்பதை அவளால் நம்ப முடியவில்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்தச் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த நாளிலிருந்து இங்கே காப்பிக்கு நிழல் வேண்டும் என்றுதான் எங்களுக்குத் தெரியும்.

அப்போது பழம் பறிப்பு ஆரம்பித்திருந்தது. எங்களுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை. அவர்களுக்கு மே, ஜூன், ஜூலை. ஒரே வருஷத்தில் தனக்கு இரண்டு அறுவடை என்று அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒரு சனிக்கிழமை இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு பறிப்புக்காரப் பெண்களோடு இறங்கிவிட்டாள். எங்கள் மலையில் வேலைக்கு வருகிறவர்களில் பலர் மலையாளிகள். கேரளத்து மலையாளிகள் இல்லை. இந்த மலையின் பழங்குடி மக்களுக்கே அதுதான் பெயர், காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாக முன்னோர் கதை சொல்வார்கள். அந்த அக்காக்கள் நடுவில் இவள் ஒரு கிளையைப் பிடித்தாள். மேலிருந்து கீழே ஒரே உருவு! பழம், காய், இலை எல்லாம் பொலபொலவென்று தரையில்.

"ஐயோ கண்ணு, பச்சைக் காயெல்லாம் போச்சே!" என்று ஒரு அக்கா ஓடிவந்தார்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, முகம் சுண்டிப்போய்விட்டது. என் மகள் கேட்டுச் சொன்னபிறகுதான் விஷயம் விளங்கியது. அவர்கள் ஊரில் செடிக்கடியில் படுதா விரித்து, கிளையை அப்படியே உருவிவிடுவார்களாம். பெரிய தோட்டங்களில் மெஷினே வந்துவிட்டது. அங்கே பெரும்பாலும் ஒரே சமயத்தில் பழுக்கும், அதனால் அது தப்பில்லை. இங்கே ஒரே கொத்தில் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் இருக்கும். பழுத்ததை மட்டும் விரல் நுனியால் திருகி எடுத்துவிட்டு, மிச்சத்துக்குப் பத்து பதினைந்து நாள் கழித்துத் திரும்ப வரவேண்டும். அந்த அக்கா அவள் கையைப் பிடித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு பழத்தை வைத்து, எப்படித் திருக வேண்டும் என்று காட்டினார். மொழியே இல்லை. கைதான் பேசியது. சாயங்காலம் எடை போட்டபோது அவள் பறித்தது மற்றவர்கள் பறித்ததில் கால் பங்குகூட இல்லை. ஆனால் அதில் ஒரு பச்சைக் காய் கிடையாது! அந்த அக்கா தன் பையிலிருந்து இரண்டு கை அள்ளி இவள் பையில் போட்டதை நான் பார்த்தேன்.

வீட்டுச் செலவுக்கு நாங்கள் காய்ந்த பழத்தை உரலில் குத்தித் தோல் நீக்குவோம். ஆயா முறத்தை எடுத்துப் புடைக்க உட்கார்ந்தார். இவள் பக்கத்திலிருந்த பெரிய மூங்கில் தட்டைக் கையில் எடுத்தாள். "நான் காட்டட்டுமா?" என்று கேட்டு, களத்து நடுவில் போய் நின்றாள். கொட்டையோடு தட்டை ஒரு வீசு வீசினாள் பாருங்கள்! தலைக்கு மேல் ஒரு முழம் உயரத்துக்கு விசிறி மாதிரி விரிந்து எழும்பியது. தொலியும் தூசியும் காற்றில் போக, கொட்டை மட்டும் ஒன்றுகூடச் சிந்தாமல் திரும்பத் தட்டில் விழுந்தது. தாத்தா சொல்லிக்கொடுத்ததாம். ஆயா முறத்தைக் கீழே வைத்துவிட்டார். எழுபத்திரண்டு வயதுக்காரர் எழுந்து வந்து, "இன்னொரு தடவை வீசு கண்ணு" என்றார். பிறகு அவர் முறத்தை அவள் கையில் கொடுத்தார். உட்காரவைத்து, பின்னாலிருந்து இரண்டு கையையும் பிடித்து, தட்டித் தட்டிச் சாய்த்துப் புடைக்கச் சொல்லிக்கொடுத்தார். கொட்டை ஒரு பக்கம், தொலி ஒரு பக்கம் பிரிந்து வந்தபோது அவள் போட்ட கூச்சலில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆள் வந்துவிட்டார்கள். அன்றைக்கு வறுத்து அரைத்த பொடியில் வெல்லம் போட்டு வரக்காப்பி வைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அவர்கள் வீட்டிலும் பாலில்லாமல், இனிப்பாக, சின்னக் கோப்பையில்தான் குடிப்பார்களாம். "கஃபேஸீன்யோ" என்று ரொம்ப மெதுவாகச் சொன்னாள்.

கிறிஸ்துமஸ் வந்தது. பிள்ளைக்கு ஊர் ஞாபகம் வரும், பனியும் குளிருமாக இருந்திருக்கும், இங்கே என்ன செய்வது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, பூமத்திய ரேகைக்கு அந்தப் பக்கம் டிசம்பர் நல்ல கோடைகாலமாம். வியர்வையோடு கிறிஸ்துமஸ் கொண்டாடிப் பழகியவள், கொட்டச்சேட்டில் ஆயாவின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வாயிலிருந்து புகை வருவதைப் பார்த்து, "என் வாழ்க்கையில் முதல் குளிர் கிறிஸ்துமஸ்!" என்று கத்தினாள். சில்வர் ஓக் கிளை ஒன்றை வெட்டி நட்டு, சிவப்புக் காப்பிப் பழத்தை ஊசியில் கோத்து மாலை போட்டோம். அவர்கள் வீட்டில் 24-ஆம் தேதி நடுராத்திரிதான் பெரிய சாப்பாடாம். எங்கள் வீட்டில் யாரும் ஒன்பதரைக்கு மேல் விழித்திருந்ததில்லை. அன்றைக்கு ஆயா உட்பட எல்லோரும் பன்னிரண்டு மணிக்குப் பிரியாணி சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனவள் கொல்லைப்புறத்தில் நின்று அழுதாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் போய் நின்றேன். தோளில் சாய்ந்துகொண்டாள். அழுகிற பிள்ளைக்கு ஆறுதல் சொல்ல இங்கிலீஷ் வேண்டுமா என்ன?

அவளுக்குச் சீஸ் போட்ட ஒரு ரொட்டி மேல் உயிர். பாவோ ஜி கேஜோ என்று பெயர். அதற்கு மைதா ஆகாது, ஏதோ ஒரு கிழங்கு மாவு வேண்டும், இந்தியாவில் கிடைக்காது என்று மாதக்கணக்கில் ஏங்கிக்கொண்டிருந்தாள். ஜனவரியில் ஒருநாள் அவளைக் கூட்டிக்கொண்டு சேலத்துக்குப் போனோம். குப்பனூர் இறங்கிச் சமவெளிக்கு வந்ததும் பஸ் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "மன்ஜியோக்கா! மன்ஜியோக்கா!" என்று கத்துகிறாள். பார்த்தால் நம்ம குச்சிக்கிழங்குத் தோட்டம். மரவள்ளியின் தாய்வீடே அவர்கள் பக்கம்தான். டேப்பியோக்கா என்ற பெயர்கூட பிரேசில் பழங்குடிகளின் துப்பி மொழி வார்த்தை. அந்தக் கிழங்கு இங்கே வந்து, இரண்டாம் உலகப் போர் சமயத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வராமல் போனபோது சேலத்துக்காரர்கள் கையில் ஜவ்வரிசியாகி, இன்றைக்கு இந்தியா முழுக்க பாயசத்தில் கொதிக்கிறது. 1981-ல் சேகோசர்வ் என்று அதற்கொரு கூட்டுறவுச் சங்கமே சேலத்தில் வந்தது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு நான் அவளுக்குச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். அவள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தேடிப் போய்த்தான் ஐம்பது வயதில் என் ஊரைப் பற்றி எனக்கே தெரியவந்தது.

செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை மூட்டையாக ஜவ்வரிசி. பக்கத்திலேயே வெள்ளை வெளேரென்று ஸ்டார்ச் மாவு. அதை இரண்டு விரலால் எடுத்து நறநறவென்று தேய்த்துப் பார்த்தாள். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. கடைக்காரர் காசே வாங்கமாட்டேன் என்றார். எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. சூடான பாலும் எண்ணெயும் ஊற்றி மாவைப் பிசைந்து, முட்டையும் துருவிய சீஸும் சேர்த்து உருட்டி, என் பணியாரச் சட்டியில் வைத்து மூடி, அடுப்பைத் தணித்து வேகவிட்டோம். ஒரு பக்கம் சிவந்ததும் குச்சியால் திருப்பிவிட்டேன். வெளியே மொறுமொறு, உள்ளே இழுத்தால் நூல் மாதிரி வருகிறது. ஊரில் பாட்டி செய்வதுபோல் இல்லை என்றாள், ஆனால் பதினான்கு சாப்பிட்டாள்! இப்போது கொட்டச்சேட்டில் எங்களைத் தவிர இன்னும் இரண்டு வீட்டில் சாயங்காலப் பலகாரம் அது. அங்கே அதற்குப் பெயர் பிரேசில் பணியாரம்.

பள்ளியில் அவள் சரித்திர வாத்தியாரிடம் கேட்டுவந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. 1500-ஆம் வருஷம் கப்ரால் என்ற போர்த்துகீசிய மாலுமி லிஸ்பனிலிருந்து கிளம்பினார். ஏப்ரலில் பிரேசில் கரையைத் தொட்டார். அதே பயணத்தில் செப்டம்பரில் கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தார். முதல் தடவை அவள் ஊரையும் நம் பக்கத்தையும் கோத்தது ஒரே பயணம்! அன்றைக்கு வந்தவர்கள் பீரங்கியோடு வந்தார்கள். இவள் ஒரு பெட்டியும், சட்டைக்கு மேல் போடும் ஒரு பிளேசரும் கொண்டுவந்தாள். பரிமாற்றத்தில் வரும் பிள்ளைகள் எந்த நாட்டுப் பிள்ளையைச் சந்தித்தாலும் பின்னை மாற்றிக்கொண்டு அந்தப் பிளேசரில் குத்திக்கொள்வார்கள். துணியே தெரியாத அளவுக்குப் பின். அதில் ஆயா போட்டுவிட்ட ஒரு ஊக்கும் இருந்தது, சாதாரண ஊக்கு. பட்டன் அறுந்த அன்றைக்குக் குத்தியது. கடைசி வரை அதை அவள் எடுக்கவில்லை.

நிறையப் பேர் என்னிடம் கேட்பது, வயசுப் பெண்ணைப் பொறுப்பெடுக்கப் பயமாக இல்லையா என்று. பொறுப்புதான். குடி, போதை, காதல், வண்டி ஓட்டுதல் நாலும் கூடாது என்று அவர்களே எழுதி வாங்கிவிடுகிறார்கள். மிச்சம், நம் வீட்டுப் பிள்ளைக்கு என்ன சொல்வோமோ அதேதான். ராத்திரி எட்டுக்குள் வீட்டில் இரு, எங்கே போகிறாய் என்று சொல்லிவிட்டுப் போ. அவளுக்கென்று குடும்பத்துக்கு வெளியே ஒரு ஆலோசகரும் இருந்தார், எங்களைப் பற்றியே குறை இருந்தாலும் அவரிடம் போய்ச் சொல்லலாம். எவ்வளவு நல்ல ஏற்பாடு! ஒரே ஒரு நாள் எனக்கும் அவளுக்கும் மனஸ்தாபம். ஊருக்கு வீடியோ காலில் ராத்திரி இரண்டு மணி வரை பேசிக்கொண்டிருந்தாள், நான் சத்தம் போட்டுவிட்டேன். மறுநாள் காலை முகம் கொடுக்கவில்லை. மத்தியானம் தோட்டத்துக்கு வந்து, பின்னாலிருந்து கட்டிக்கொண்டு, "எங்கம்மாவும் இப்படித்தான் கத்துவாங்க" என்று தமிழில் சொன்னாள். முழு வாக்கியம். பிழையே இல்லை. திட்டு வாங்கியதில் ஒரு பிள்ளை இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

பொங்கலன்று என் மகளோடு சேர்ந்து பாவாடை தாவணி கட்டிக்கொண்டு, பொங்கி வழிந்ததும் எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாகக் குலவை போட்டாள். ஒருநாள் சேர்வராயன் கோயிலுக்குப் போய், குகைக்குள் குனிந்து கும்பிட்டுவிட்டு வந்து, வெளியே காற்றில் நின்று தன் அம்மாவுக்கு அந்த மலையைச் சுற்றிக் காட்டினாள். அவள் அம்மா திரையில் என்னைப் பார்த்துக் கையைக் கூப்பினார். நானும் கூப்பினேன். இருவருக்கும் பேச்சு வரவில்லை.

ஏப்ரல் கடைசியில் அடுத்த வீட்டுக்கு மாறும் நாள் வந்தது, அங்கிருந்து ஜூனில் ஊருக்கு. பெட்டி 23 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. தராசில் ஏற்றி ஏற்றி இறக்கினோம். இரண்டு ஜோடி செருப்பையும் ஜீன்ஸையும் எங்கள் மகளுக்கென்று எடுத்து வைத்தாள், நாலு புத்தகத்தை விட்டாள். முறத்தை மட்டும் விடவில்லை. ஆயா அவளுக்காகவே புதுசாகச் சாணி மெழுகிக் காயவைத்த முறம். அதைக் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று என் வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். உட்கார்ந்து கழுவினாள், சாணியெல்லாம் போகத் தேய்த்து மூங்கில் பளிச்சென்று தெரிய வெயிலில் காயவைத்தாள், தாவணிக்குள் சுற்றிப் பெட்டியின் அடியில் படுக்கவைத்தாள்.

ஜூலையில் ஒருநாள் விடிகாலை போன் அடித்தது. அவர்களுக்கு அப்போது முந்தின நாள் ராத்திரி. அன்று மத்தியானம் எடுத்த ஒரு வீடியோவை அனுப்பிவிட்டு, பார்த்தாயா பார்த்தாயா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். காப்பிக் களம். தொப்பி போட்ட ஒரு கிழவர், அவள் தாத்தா, நம்ம முறத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு புடைக்கப் பார்க்கிறார். கொட்டை எல்லாப் பக்கமும் ஓடுகிறது. பின்னாலிருந்து இவள் அவர் கையைப் பிடித்துத் திருப்பி வைக்கிறாள், தட்டித் தட்டிக் காட்டுகிறாள், தமிழில் எண்ணுகிறாள்: ஒண்ணு, ரெண்டு, மூணு.

ஆயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனை மூக்குக்கிட்ட வைத்து இரண்டு தடவை பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் சாச்சுப் பிடிக்கச் சொல்லு அந்தப் பெரியவரை" என்றார்.